நிலம் ஒருவருடையது, வழி யாருடையது?

(ஆலய தர்மகர்த்தா சபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர்)

இம்முறையும் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க் குழுவிலுள்ள தம்பிமார் கேட்டபோது, வழமைபோல வரலாற்றுக் குறிப்பொன்றை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். முப்பத்தைந்து வருடம் அரச அலுவலகக் கோப்புகளுடன் வாழ்ந்தவனுக்குக் குறிப்பு எழுதுவது பெரிய காரியமன்று. ஆனால் சில காலமாக ஒரு கேள்வி மனதிற் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒருவன் தனக்குச் சொந்தமான காணியினூடாகப் பிறர் நடந்து போவதைத் தடுக்கலாமா? சட்டம் தடுக்க விடுகிறது என்றால், தடுப்பது சரியென்று ஆகிவிடுமா? இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது நம் ஊரில் அன்று. இங்கிலாந்தில், ஒரு நாள் நடைப் பயணத்தில் எழுந்தது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2023 ஆம் ஆண்டு மே மாதம், மகளின் பிள்ளைப்பேற்றின் பொருட்டு நானும் இல்லத்தரசியும் இலண்டனின் ஹரோவில் தங்கியிருந்தோம். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் கிழவிக்கு வேலையுண்டு, கிழவனுக்கு இல்லை. யன்னலோரம் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த என்மீது அயல்வீட்டு அம்மையார் இரக்கம் கொண்டார். எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி நாட்டுப்புறத்தில் நடப்பதாகவும், விரும்பினால் நானும் வரலாம் என்றும் சொன்னார். எதற்காக நடக்கிறீர்கள் என்று கேட்டேன். நேர்த்தியா, யாத்திரையா என்பது என் எண்ணம். "நடப்பதற்காகத்தான்" என்றார். அந்த மறுமொழி எனக்கு அன்று விளங்கவில்லை.

மருமகனின் சப்பாத்தை இரண்டு சோடி காலுறையின் மேல் அணிந்துகொண்டு, மகள் கட்டித் தந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலுமாகப் புறப்பட்டேன். ஹரோவிலிருந்து புகையிரதத்தில் ஒரு மணித்தியாலத்திற்குள் வென்டோவர் என்னும் சிற்றூர் வந்துவிடும். அங்கிருந்து சில்ரேண் குன்றுகளின் மேலாக ஏழெட்டு மைல் நடந்து பிரின்சஸ் றிஸ்பரோ என்னும் ஊரை அடைந்து, அங்கு மீண்டும் புகையிரதம் ஏறுவது திட்டம். நாங்கள் நடந்த வழியின் பெரும்பகுதி றிட்ஜ்வே எனப்படும் நெடுவழியைச் சேர்ந்தது. 87 மைல் நீளமான அதனை 1973 இல் தேசிய நடைவழியாகத் திறந்தார்கள். ஆயினும் அதன் பகுதிகள் சரித்திர காலத்திற்கு முன்பிருந்தே மனிதர் நடந்தவை. அந்தக் குன்றுகள் வெண்மையான சுண்ணக்கல்லால் ஆனவை. மழை நீர் நிலத்துள் இறங்கிவிடுவதால் மேலே ஆறுகள் இல்லை. குடாநாட்டுக்காரனுக்கு அது மட்டும் சொந்த ஊர் போலிருந்தது.

பதினான்கு பேர் வந்திருந்தோம். வழிகாட்டியாக முன்னே சென்றவர் ஓய்வுபெற்ற தபாற்காரர். கழுத்தில் ஒரு தேசப்படம் தொங்கியது. எல்லோருக்கும் பின்னே வருவதற்கென்று இன்னொருவரை நியமித்திருந்தார்கள். அவருடைய வேலை நடப்பதன்று, தனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்று உறுதிசெய்வது. நம் ஊர்வலங்களில் முன்னுக்கு நிற்பதற்குத்தான் போட்டியிருக்கும். பின்னுக்கு நிற்பதற்கும் ஒரு பதவி இருப்பதை அன்றுதான் கண்டேன்.

முதலாவது ஏற்றத்திலேயே என் முழங்கால் தன் வயதைச் சொல்லிவிட்டது. கூம் ஹில் என்னும் அக்குன்று 852 அடிதான். மேலே, 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் மாண்ட அப்பகுதி வீரர்களுக்காக 1904 இல் எழுப்பிய தூபி ஒன்று நிற்கிறது. முன்னே போனவர்கள் அதன் படியில் இருந்து தண்ணீர் குடித்து, காற்று வாங்கி, படமெடுத்து, நான் மூச்சு வாங்கி வந்து சேர்ந்ததும் "சரி, எல்லோரும் வந்துவிட்டோம்" என்று எழுந்தார்கள். எனக்காகத்தான் காத்திருந்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் காத்திருந்தவர்களுக்கு ஓய்வு கிடைத்தது, வந்து சேர்ந்தவனுக்குக் கிடைக்கவில்லை. அலுவலகத்திலும் வீட்டிலும் நான் எத்தனை பேருக்காக இப்படிக் "காத்திருந்திருப்பேன்" என்று நினைத்தேன். தபாற்காரர் அதைக் கவனித்திருக்க வேண்டும். சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது என்று சொல்லி மறுபடியும் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் அந்தக் கயிற்றைக் கட்டினார்.

குன்றிலிருந்து இறங்கிய பின் ஒரு மேய்ச்சல் நிலத்தின் படலையைக் கடந்தோம். படலை திறந்து கிடந்தது. நான் நல்லபிள்ளையாக அதை இழுத்துச் சாத்திக் கொழுக்கியும் போட்டேன். பட்டி திறந்து கிடந்தால் சாத்திவிட்டுப் போவது நம் ஊர்ப் பழக்கம். பின்னே வந்தவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப்போய் அதைத் திறந்து, முன்பிருந்தபடியே விட்டு வந்தார். ஆடுகள் தண்ணீருக்குப் போய்வருவதற்காகக் கமக்காரர் அதனைத் திறந்து வைத்திருக்கலாம் என்று அம்மையார் விளக்கினார். நாட்டுப்புறத்தில் நடப்போருக்கென்று 1951 இலிருந்தே அங்கே ஓர் ஒழுக்கக் கோவை இருக்கிறது. படலையைக் கண்டபடியே விடுக என்பது இன்று அதில் உள்ள விதிகளில் ஒன்று. பூட்டியிருந்தால் பூட்டு, திறந்திருந்தால் திறந்தே விடு. பிறர் நிலத்தில் நடப்பவனுக்கு நன்மை செய்யும் உரிமைகூட அளவோடுதான் இருக்கிறது. நல்லதென்று நினைத்து நான் செய்ததால் ஆடுகள் தாகத்தில் நின்றிருக்கக்கூடும்.

இனி அந்த வழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் சுமார் 140,000 மைல் நீளத்திற்கு இருக்கின்றன. இவற்றுட் பெரும்பாலானவை அரசாங்க நிலத்திற் போகவில்லை. தனியாரின் வயல், தோட்டம், மேய்ச்சல் நிலம், சில இடங்களில் வீட்டு முற்றம் ஆகியவற்றின் ஊடாகவே போகின்றன. நிலம் உரிமையாளருடையது. அதன்மேல் ஒரு நாடா அகலத்திற்கு நடந்து செல்லும் உரிமை எல்லோருடையது. மரக்கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது கால்நடையாகப் போகும் வழி. நீலமாயின் குதிரையும் போகலாம். வேலி குறுக்கிடும் இடங்களில், ஏறி இறங்கப் பலகை வைத்த கடப்பு இருக்கும். நம் கிடுகு வேலிகளில் முன்னர் இருந்த கடப்பைப் பார்த்தவர்களுக்கு அது புதிதன்று. வேறு சில இடங்களில், வளைவான அடைப்பொன்றினுள் ஆடும் சிறிய படலை இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் நுழையலாம், மாடு நுழைய முடியாது. சாத்தவும் வேண்டியதில்லை, திறக்கவும் வேண்டியதில்லை. அப்படலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை ஆலய மலரில் எழுதுவது அழகாகாது. படலை இருபக்கக் கம்பத்தையும் தொட்டுத் தொட்டு ஆடுவதால் வந்த பெயர் என்று மட்டும் சொல்கிறேன்.

நண்பகலுக்குச் சற்று முன்பாக ஒரு பெருந்தெருவைக் கடந்து பரந்த புல்வெளியொன்றில் இறங்கினோம். தூரத்தில் மரங்களுக்கிடையே பழைய செங்கல் மாளிகையொன்று தெரிந்தது. அதுதான் செக்கர்ஸ், பிரித்தானியப் பிரதமரின் நாட்டுப்புற வாசஸ்தலம். ஆதர் லீ என்னும் பிரபு நாட்டுக்குக் கொடையாகக் கொடுத்தது. 1917 இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 1921 இல் பிரதமர் லொயிட் ஜோர்ஜ் முதலில் குடிபுகுந்தார். நாங்கள் நடந்த பாதை அந்த மாளிகைக்குச் செல்லும் தெருவையே குறுக்கறுத்துப் போகிறது. எச்சரிக்கைப் பலகைகளும் கமெராக்களும் இருக்கின்றன. பாதையை விட்டு உள்ளே காலெடுத்து வைத்தால் கைதுசெய்வார்கள். ஆனால் பாதையில் நடப்பவனை ஒருவரும் கேட்பதில்லை. அடையாள அட்டை கேட்கவில்லை, பையைத் திறக்கச் சொல்லவில்லை, எங்கே போகிறாய் என்று விசாரிக்கவில்லை.

வாசகர்களே, என் வயதுடைய நம்மவர் எவருக்கும் அந்த இடத்தில் கால் தயங்காமல் இருந்திருக்குமா? ஒரு சாக்குமூட்டை அடுக்கிய சாவடியைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கித் தொப்பியைக் கழற்றிய கால்கள் இவை. நான் நின்றுவிட்டேன். அம்மையார் திரும்பிப் பார்த்து, "வாருங்கள், இது எங்கள் வழி" என்றார். அதிகாரத்தோடு சொல்லவில்லை. இது எங்கள் கிணறு என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

இந்த "எங்கள் வழி" எப்படி வந்தது என்பதைத் தபாற்காரர் நடந்துகொண்டே எனக்குச் சொன்னார். காணிக் கிளையில் வேலைசெய்தவன் என்று அறிந்ததும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அந்த நாட்டுச் சட்டப்படி, ஒரு வழியைப் பொதுமக்கள் இருபது வருடம் தடையின்றிப் பயன்படுத்தி வந்தால், உரிமையாளர் அதனைப் பொதுவழியாகக் கொடுத்துவிட்டார் என்றே கருதப்படும். 1932 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இந்த விதி இன்று 1980 ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நடந்தவர்கள் மூன்று விதமாக நடந்திருக்கக் கூடாது. பலவந்தமாக நடந்திருக்கக் கூடாது. ஒளித்து நடந்திருக்கக் கூடாது. அனுமதி பெற்றும் நடந்திருக்கக் கூடாது.

முதல் இரண்டும் எவருக்கும் விளங்கும். மூன்றாவதைக் கேட்டதும் என் கால் மறுபடியும் நின்றது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அனுமதி கேட்டு நடந்தவன் நூறு வருடம் நடந்தாலும் அது உரிமையாகாது. கேளாமல், தன் வழியென்று எண்ணி வெளிப்படையாக நடந்தவனுக்கே அது உரிமையாகிறது. பணிவானவன் தோற்கிறான். ஆகவே விவரமறிந்த நில உரிமையாளர் சிலர் பலகையொன்றை நட்டு, "எமது அனுமதியுடன் நடக்கலாம்" என்று எழுதிவிடுவார்களாம். பார்வைக்குத் தாராளம். உள்ளே இருபது வருடக் கணக்கை உடைக்கும் உபாயம். வருடத்தில் ஒரே ஒரு நாள் வழியை அடைத்து வைக்கும் வழக்கமும் உண்டு. அன்பாகத் தோன்றும் ஒரு சொல் வேலியாகவும் இருக்க முடியும் என்பது காணிக் கிளை எழுதுவினைஞனுக்குப் புதிதன்று. ஆயினும் அந்த மாளிகையின் முன்னால் கேட்டபோது வேறுவிதமாகக் கேட்டது.

சிறிது தூரத்தில் வழிகாட்டி எங்களைக் கிளைப்பாதை ஒன்றுக்குத் திருப்பினார். வந்தது ஒரு தானிய வயல், பயிர் முழங்காலளவு. தேசப்படத்தில் பாதை வயலின் நடுவாகப் போகிறது. நிலத்திலோ பாதையின் அடையாளமே இல்லை, உழுது விதைத்துவிட்டார்கள். நான் வரம்போரமாகச் சுற்றிப் போகத் திரும்பினேன். தபாற்காரர் மறித்து, நடுவாகவே போக வேண்டும் என்றார். விளைந்துவரும் பயிரை மிதிப்பதா? கமக்காரன் மகனாகப் பிறந்த எனக்கு உடம்பு கூசியது. அவர் சொன்ன நியாயம் இது. குறுக்குப் பாதையை உழ உரிமையாளருக்கு அனுமதியுண்டு. ஆனால் பதினான்கு நாட்களுள் அதை மீண்டும் நடக்கக்கூடியதாக்கி, பயிர் மூடாமல் ஒரு மீற்றர் அகலமாவது விட வேண்டும் என்பது சட்டம். அவர் தம் கடமையைச் செய்யவில்லை. நாங்கள் வரம்பால் போனால் அது எங்களுக்கு உரிமையில்லாத இடம். நடுவால் ஒருவரும் போகாவிட்டால் இன்னும் சில வருடத்தில் இங்கே வழியிருந்தது என்று சொல்ல ஆளிருக்காது. "வழி மண்ணில் இல்லை, போகிறவர்களின் காலில்தான் இருக்கிறது" என்ற கருத்துப்படச் சொன்னார்.

பதினான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக, ஒற்றைக் கோடாக, பயிரை விலக்கி நடந்தோம். பத்தொன்பது வயதுப் பிள்ளையொன்று மட்டும் வரம்பால் சுற்றி வந்தது. யாரும் அதைக் குறைசொல்லவில்லை. யார் செய்தது சரி என்று இன்றுவரை என்னால் தீர்க்க முடியவில்லை. பயிர் அந்த வருடத்துச் சோறு. வழி வரப்போகும் வருடங்களுக்கு உரியது. கமக்காரரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. அவிழ்த்துவிட்ட நாய் கடித்து ஆடுகள் சாவதும், குப்பை போடுவதும், வழி தவறி நாற்றங்காலில் நடப்பதும் அங்கே அன்றாட முறைப்பாடுகள். உழைத்தவனின் நிலத்தில் உழைக்காதவன் உலாவுவதற்கு என்ன தர்மம் என்று அவர் கேட்டால், பொழுதுபோக்கு என்பது நல்ல மறுமொழியாகாது.

ஆனால் அந்த மக்கள் அதைப் பொழுதுபோக்காக மட்டும் கருதவில்லை என்பதை மத்தியானச் சாப்பாட்டின்போது அறிந்தேன். காட்ஸ்டன் என்ற இடத்திலுள்ள பழைய மதுச்சாலையின் வெளிவாங்கிலில் இருந்தோம். 2015 இல் பிரதமர் டேவிட் கமரோன் சீன சனாதிபதி ஷி ஜின்பிங்கை அழைத்து வந்து உபசரித்த இடமாம். நான் எலுமிச்சைப் பானம் வாங்கிக்கொண்டு புட்டை அவிழ்த்தேன். இரண்டு பேர் ருசி பார்த்தார்கள். அப்போது தபாற்காரர் சொன்ன சரித்திரம் இது.

இங்கிலாந்தில் முற்காலத்தில் ஊர்ப் பொதுநிலங்கள் ஏராளம் இருந்தன. ஏழைகள் மாடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள். 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200 இற்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றி, ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலத்தை வேலியடைத்துத் தனியாருக்கு ஆக்கியது. அது நாட்டின் பரப்பில் ஐந்திலொன்று. எல்லாம் சட்டப்படி, எழுத்துப்படி, எழுதுவினைஞர்களின் கையால். வடக்கே மன்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களில் கிழமை முழுவதும் புகையில் வாழ்ந்த தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அருகிலிருந்த மலைகளைப் பார்க்கலாம், ஏற முடியாது. அவை பிரபுக்களின் பறவை வேட்டைக்கென ஒதுக்கிய நிலங்கள். 1932 ஏப்பிரல் 24 ஆம் திகதி சுமார் நானூறு பேர் ஹேஃபீல்ட் என்னும் ஊரில் கூடி, கின்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் வேண்டுமென்றே ஏறினார்கள். முன்னின்றவர் பெனி றொத்மன், வயது இருபது. காவலாளருடன் கைகலப்பு நடந்தது. ஆறு பேரைக் கைதுசெய்து, ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கொடுத்தார்கள். பிறர் நிலத்தில் வெறுமனே நுழைவது அங்கே பொதுவாகக் குற்றமன்று, சிவில் வழக்கு மாத்திரமே. ஆதலால் கலகம் விளைவித்தார்கள் என்று வழக்கு வைத்தார்கள்.

பின்னர் 1949 இல் வந்த சட்டம் தேசியப் பூங்காக்களை அமைக்கவும், ஒவ்வோர் ஊரின் பொதுவழிகளையும் அளந்து தேசப்படத்திற் பதியவும் வகைசெய்தது. ஊர்ச் சபைகளே நடந்து பார்த்துக் குறித்தன. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பைப் போன்ற ஒரு பதிவு என்று எண்ணிக்கொண்டேன். 1951 இல் முதலாவது தேசியப் பூங்கா அந்தக் கின்டர் மலையைச் சூழவே அமைந்தது. 2000 ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டுநிலங்களிலும் பதிவுபெற்ற பொதுநிலங்களிலும் பாதையின்றியே உலாவ உரிமை கொடுத்தது. ஆயினும் அது நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்களவே. அதே சட்டம் பதிவில் விடுபட்ட பழைய வழிகளுக்கு 2026 ஜனவரி முதலாம் திகதியைக் கடைசித் தவணையாக வைத்திருந்தது. பின்பு அதை 2031 ஆக்கினார்கள். 2024 டிசம்பரில், தவணையையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. தவணை நீட்டிப்பு எந்த நாட்டுக் கச்சேரிக்கும் பொது என்று இங்கு குறிப்பிடலாம்.

இச்சரித்திரத்தில் என்னைத் தொட்டது சட்டமன்று. 1932 இல் அந்த மலைநிலத்தின் சொந்தக்காரராயிருந்தவர் டெவன்ஷயர் டியூக். எழுபது வருடம் கழித்து, 2002 இல், அதே மலையடிவாரத்தில் நடந்த நினைவுக் கூட்டத்திற்கு அவருடைய பேரன், பதினோராவது டியூக், தாமே வந்து, தமது பாட்டனார் நடந்துகொண்டது தவறு என்று பலரறிய மன்னிப்புக் கேட்டார். அவர் அப்படிக் கேட்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. பாட்டனார் சட்டத்தை மீறவில்லை. மீறியவர்கள் மற்றவர்கள். பேரனோ அன்று பன்னிரண்டு வயதுச் சிறுவன். சட்டப்படி சரியாக இருந்த ஒன்றுக்கு, செய்யாத ஒருவர், கேட்காத மன்னிப்பு. இதை எந்தக் கோப்பில் வைப்பது?

சாப்பிட்ட பின் வைற்லீஃப் என்னும் குன்றின் மேல் ஏறினோம். மேலே செம்பருந்துகள் வட்டமிட்டன. இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த இனம். 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து தொண்ணூறு பறவைகளைக் கொண்டுவந்து அக்குன்றுகளில் விட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். ஒன்றை அழித்த பின் அதைத் திருப்பிக் கொண்டுவர எவ்வளவு பாடு என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். என் நினைவு எங்கள் வீட்டு வடக்கு மதிலில் நின்றது.

ஊரவர்க்குத் தெரியாததொன்றும் இல்லை, ஆகவே எழுதுகிறேன். எங்கள் வளவின் வடக்கு எல்லையோரமாக முன்னர் ஒரு ஒற்றையடிப்பாதை இருந்தது. பின் ஒழுங்கையிலுள்ள ஏழெட்டு வீட்டார் அதனால் நுழைந்துதான் கோயிலுக்கும் நல்ல தண்ணிக் கிணற்றுக்கும் வருவார்கள். உறுதியில் அந்த வழி இல்லை. என் தகப்பனார் வேலியில் ஒரு கடப்பு வைத்து, "இதாலை போங்கோ, என்னத்துக்குச் சுத்துறியள்" என்று சொல்லி விட்டவர். 1990 இல் ஊரோடு இடம்பெயர்ந்தோம். 2010 இல் வந்து பார்த்தபோது வேலியும் இல்லை, கடப்பும் இல்லை, பற்றை மாத்திரம் இருந்தது. பின் ஒழுங்கையார் பற்றையை வெட்டி மீண்டும் நடக்கத் தொடங்கினார்கள். 2014 இல் மகள் அனுப்பிய காசில் நான் மதில் கட்டினேன். வழியை விடாமற் கட்டினேன்.

பின் ஒழுங்கையார் கிராம அலுவலரிடம் போனார்கள். எனக்குப் பயமில்லை. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் எனக்கு மனப்பாடம். பத்து வருடம் தடையின்றி ஆண்டிருக்க வேண்டும். திரும்பி வந்து நடந்தது நான்கு வருடம். அதற்கு முன் இருபது வருடம் ஊரில் ஒருவருமில்லை. அதற்கும் முன்பு நடந்ததெல்லாம் என் ஐயாவின் அனுமதியோடு நடந்தது, அனுமதி உரிமையாகாது. இந்தக் கடைசி நியாயத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அழகான கையெழுத்தில், பந்தி இலக்கமிட்டு எழுதினேன். ஐயா மனமிரங்கிச் சொன்ன ஒரு சொல்லை எடுத்து, அவர் இரக்கம் காட்டியவர்களுக்கு எதிராகச் சாட்சியாக்கினேன். அன்று அதை அப்படிப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓடும், கள்ளர் வருவார்கள், இன்று பாதை என்பார்கள் நாளை றோட்டு என்பார்கள் என்றெல்லாம் காரணம் இருந்தது. அவை பொய்க் காரணங்களும் அல்ல.

பின் ஒழுங்கையில் ஓர் ஆச்சி. என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர். மதில் எழும்பிய கிழமை படலையில் வந்து நின்று, "தம்பி, நான் இனி றோட்டாலையே போறன், என்ன" என்றார். கோபமில்லை. என்னிடம் விடைபெறுவதுபோல் சொன்னார். றோட்டால் போனால் கோயிலுக்குக் கால் கட்டை கூட.

ஊர் திரும்பி இல்லத்தரசியிடம் சொன்னபோது, "இஞ்சாருங்கோ, காலுக்குள்ளை நாய் பூனையெல்லாம் வரப்போகுது" என்று முதலில் மறுத்தார். நான் அந்த ஆடும் படலையைத் தாளில் வரைந்து காட்டினேன். ஆள் வரும், மாடு வராது, மோட்டார் சைக்கிள் வரவே வராது. மேசனுக்கும் அதே படத்தைக் கொடுத்தேன். 2024 தைப்பொங்கலுக்கு முன்பாக மதிலை வெட்டி வைத்துத் தந்தார். நோட்டீசு ஒன்றும் ஒட்டவில்லை. "அனுமதியுடன்" என்று எழுதலாமா என்று ஒருகணம் நினைத்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. முதல் கிழமை யாரும் வரவில்லை. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு பால்காரர், பிறகு எல்லோரும்.

தேர்த் திருவிழாவன்று ஆச்சியை அவருடைய பேத்தி சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அந்த வழியால் வந்தாள். முழங்கால் முற்றாகப் போய் இரண்டு வருடமாம், எனக்குத் தெரியாது. நாற்காலி படலையினுள் நுழையவில்லை. மாட்டைத் தடுக்கும் வளைவு அதையும் தடுத்துவிட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துப் பார்த்தார்கள், நானும் பிடித்துப் பார்த்தேன். பிறகு அவர்கள் திரும்பி றோட்டாலேயே போனார்கள். ஒரு முழம் அகட்டி, வளைவைப் பெரிதாக்கினால் போகும் என்று மேசன் சொல்கிறார். கம்பியும் சீமெந்தும் வாங்கி வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் வேலை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.